சம்மாங்கோட்டுப் பள்ளி: கடை வாசலில் கேட்கிற கேள்விகள்

கொழும்புப் புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் வாப்பா புடவைக் கடை வைத்திருந்தார். சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலுக்கு நாலைந்து கடை தள்ளி. யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்கள், மலைநாட்டிலிருந்து மொத்தமாகச் சாரம் வாங்க வந்தவர்கள், கழுத்தில் கமெரா தொங்கும் வெள்ளைக்காரர்கள் என்று எல்லோரும் முதலில் அண்ணாந்து பார்ப்பார்கள். பிறகு கடைக்குள் தலையை நீட்டி ஏதாவது கேட்பார்கள். வாப்பாவுக்கு விலை சொல்லவே நேரம் போதாது. பதில் சொல்கிற வேலை பன்னிரண்டு வயதிலேயே என் தலையில் விழுந்தது. அப்போது சொன்னவற்றில் பாதி பிழை என்று பிற்பாடுதான் தெரிந்தது. திருத்திய பதில்கள் இவை.

இந்தப் பள்ளிக்கு எத்தனை பெயர்?

பலகையில் இருப்பது ஜாமிஉல் அல்ஃபர் ஜும்ஆப் பள்ளிவாசல். ஓட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் ஒரு நிமிடம் யோசிப்பார். தமிழில் சிவப்புப் பள்ளி, சிங்களத்தில் ரத்து பள்ளிய என்றால் உடனே கிளம்பிவிடுவார். வயதானவர்கள் வாயில் சம்மாங்கோட்டுப் பள்ளிதான்.

இந்தக் கடைசிப் பெயர்தான் எனக்குப் பிடித்தது. தென்னிந்தியக் கரையிலிருந்து வியாபாரத்துக்கு வந்த முஸ்லிம்களைத் தமிழில் சம்மான்காரர் என்பார்கள், சிங்களத்தில் ஹம்பன்காரயா. சம்பான் என்ற படகின் பெயரிலிருந்து வந்த சொல் என்று பெரியவர்கள் விளக்குவார்கள். கட்டியவர்கள் வந்திறங்கிய படகு கட்டடத்தின் பெயரில் ஒட்டிக்கொண்டது. ‘ஜாமிஉ’ என்றால் ஒன்றுகூட்டுவது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நடக்கிற பெரிய பள்ளிக்கு அந்தச் சொல் வரும்.

எப்போது கட்டினார்கள்? யார் பணம்?

1908இல் வேலை தொடங்கியது, 1909இல் முடிந்தது. கட்டுவித்தவர்கள் கொழும்பில் தொழில் செய்த இந்திய முஸ்லிம்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களிலிருந்து வந்து, குடும்பத்தை அங்கேயே விட்டுவிட்டு, கடை மாடியில் பாய் விரித்துப் படுத்துக் காசு சேர்த்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். ஐந்து நேரமும் ஓடிப்போய்த் தொழுதுவிட்டு ஓடிவந்து கல்லாவில் உட்கார, கடைக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளி வேண்டியிருந்தது. ஊர் வாசலில் பள்ளி கட்டுவது ஒரு வழக்கம். இது சந்தைக்கு நடுவில் சந்தைக்காரர்கள் கட்டியது.

ஏன் புறக்கோட்டையில்?

சரக்கு இறங்குகிற துறைமுகம் முதுகுப்பக்கம் இருக்கிறது. பள்ளி நிற்பது இரண்டாம் குறுக்குத் தெருவும் பாங்ஷால் வீதியும் சந்திக்கிற முனையில். பாங்ஷால் என்பது துறைமுகங்களில் சரக்கு வைக்கும் கொட்டகைக்கு இருந்த பழைய பெயர். அந்தச் சொல்லில் நம்முடைய பண்டகசாலையைக் கேட்பவர்களும் உண்டு, நானும் ஒருவன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) ஆட்சியில், தமிழ் பேசும் முஸ்லிம்களான சோனகர் கோட்டைக்குள்ளும் புறக்கோட்டையிலும் சொத்து வாங்கத் தடை இருந்தது. ஆங்கிலேயர் அதை 1832இல்தான் நீக்கினார்கள். காணி வாங்கவே விடாத தெருவில் முக்கால் நூற்றாண்டு கழித்து இப்படி ஒரு கட்டடம். கொஞ்சம் உரக்கவே பேசுகிறது என்றால், பேசட்டுமே.

வரைந்தவர் படித்த கட்டடக்கலைஞர் இல்லையாமே?

ஆமாம், இல்லை. ஹபீபு லெப்பை ஸாயிபு லெப்பை என்பவர் வடிவமைத்தார். அவருக்குக் கட்டடக்கலையில் பட்டம் கிடையாது. தென்னிந்தியாவுக்குப் போய்வந்த வியாபாரிகள் அங்குள்ள இந்தோ சரசனிக் கட்டடங்களின் படங்களையும் விவரங்களையும் கொண்டுவந்து கொடுத்தார்கள், அவற்றை வைத்து அவர் இதை எழுப்பினார்.

இந்தக் கட்டடத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு தகவல் போதும் என்பேன். ஒருவர் பார்த்து வந்து சொன்னதை இன்னொருவர் கட்டியிருக்கிறார். புடவைக் கடையில் தினமும் நடப்பதுதான். சென்னையில் ஒருத்தி கட்டியிருந்த கரையைப் பற்றி வாடிக்கையாளர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். இவ்வளவு அகலம், இப்படி ஒரு கட்டம், நடுவில் மாங்காய். நாங்கள் அதைக் கேட்டு நெசவுக்காரருக்குச் சொல்லி அனுப்புவோம். வந்து சேர்வது அசலைப் போல இராது. சில வேளை அசலைவிட நன்றாக இருக்கும். ஸாயிபு லெப்பையின் பள்ளியைப் பார்க்கிறபோது எனக்கு அந்தப் புடவைகள்தான் ஞாபகம் வரும்.

பட்டம் இல்லை என்பதைக் குறையாகச் சொல்கிறவர்களுக்கு இன்னொரு பெயரைச் சொல்வேன்: வாப்பிச்சி மரைக்கார். 1877இல் திறந்த கொழும்பு நூதனசாலையைக் கட்டிக்கொடுத்தவர். வரைபடம் ஜேம்ஸ் ஸ்மிதருடையது, கல்லும் சுண்ணாம்பும் ஆளும் மரைக்காருடையவை. கூலிக்கு மேல் என்ன வேண்டும் என்று ஆளுநர் கிரெகரி கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூட வேண்டும் என்று அவர் கேட்டதாக ஒரு கதை எங்கள் வீடுகளில் உலவுகிறது. கொழும்புச் சோனகர் கட்டட வேலையைக் கையால் கற்றவர்கள். ஸாயிபு லெப்பையை அந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இந்தோ சரசனிக் என்றால் என்ன?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர்கள் பிரபலமாக்கிய கலவைப் பாணி. முகலாயக் குப்பா (கும்மட்டம்), வளைவு, மினாரா, சத்ரி என்ற குடை மண்டபம் இவற்றை எடுத்து, ஐரோப்பிய கோதிக் தேவாலயத்தின் உயரத்தோடும் அரசாங்க அலுவலகத்தின் திட்டத்தோடும் சேர்த்தார்கள். 1768இல் கட்டிய சேப்பாக்கம் மாளிகையை இந்தப் பாணியின் முதல் கட்டடம் என்பார்கள். 1892இன் சென்னை உயர்நீதிமன்றம் இதன் உச்சம். எழும்பூர் ரயில் நிலையம் திறந்தது 1908இல், அதாவது இங்கே பள்ளிக்கு வேலை தொடங்கிய அதே வருடம்.

சென்னைக்குச் சரக்கெடுக்கப் போன ஒரு வியாபாரி உயர்நீதிமன்றத்தை அண்ணாந்து பார்க்காமல் திரும்பியிருப்பார் என்று நான் நம்பவில்லை. துறைமுகத்துக்கு நேர் எதிரே நிற்கிறது அது.

இதில் ஒரு வேடிக்கை. முஸ்லிம் அரசர்களின் வடிவங்களை ஆங்கிலேயர் எடுத்து நீதிமன்றமும் ரயில் நிலையமும் கட்டினார்கள். அதைப் பார்த்த முஸ்லிம் வியாபாரிகள் திரும்ப எடுத்துவந்து பள்ளி கட்டினார்கள். கடன் வாங்கிய பாத்திரம் இரண்டு வீடு சுற்றிச் சொந்த அடுப்படிக்கே வந்துவிட்டது.

கோலாலம்பூர் ஜாமெக் பள்ளியின் நகல்தானே இது?

மலேசியாவிலிருந்து வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி. இரண்டும் ஒரே தாய் பெற்ற பிள்ளைகள் போலிருப்பது உண்மை. சிவப்பு வெள்ளைப் பட்டை, சின்னச் சின்னக் குப்பாக்கள், எல்லாம். ஆனால் தேதியைப் பாருங்கள். ஜாமெக் பள்ளிக்கு 1908 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள், 1909 டிசம்பரில் திறந்தார்கள். இங்கேயும் 1908 தொடக்கம், 1909 முடிவு. ஒன்று எழும்பும்போதே மற்றதும் எழும்பிக்கொண்டிருந்தது. யாரை யார் பார்த்து அடிப்பது?

இரண்டுக்கும் மூலம் இந்தியாவில் இருக்கிறது. கோலாலம்பூரில் அதைக் கொண்டுசேர்த்தவர் ஆர்தர் பெனிசன் ஹபக் என்ற அரசாங்கக் கட்டடக்கலைஞர். கொழும்பில் கொண்டுசேர்த்தவர்கள் வியாபாரிகள். வித்தியாசம் கண்ணுக்கும் தெரியும். ஹபக்கின் பள்ளி இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில், சுற்றிலும் மூச்சுவிட இடத்தோடு, அளந்து வைத்தாற்போல் இருக்கிறது. நம்முடையது நெருக்கித் தள்ளிக்கொண்டு தெருமுனையில் ஏறி நிற்கிறது. விட்ட இடமே இல்லை, ஒவ்வொரு முழத்திலும் ஏதாவது ஒரு வேலைப்பாடு.

ஏன் சிவப்பும் வெள்ளையும்?

செங்கல் வரிசை ஒன்று, வெளிறிய கல் அல்லது சுண்ணாம்பு வரிசை ஒன்று என்று மாற்றி மாற்றிக் கட்டுவது பழைய வழக்கம். அரபியில் அப்லக் என்பார்கள். ஸ்பெயினிலுள்ள கொர்தோவாப் பெரிய பள்ளியின் வளைவுகளில் செங்கல்லும் வெண்கல்லும் மாறிமாறி வருவதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலேயருக்கும் செங்கல்லில் வெள்ளைப் பட்டை ஓட்டுவதில் அந்தக் காலத்தில் பெரிய ஆசை. நடந்து போகிற தூரத்தில், கோட்டை யோர்க் வீதியில் 1906இல் முடிந்த கார்கில்ஸ் கட்டடத்தைப் பாருங்கள், அதுவும் சிவப்புதான்.

ஆனால் கார்கில்ஸ் சட்டைக்கு மேல் கோட் போட்ட சிவப்பு. இந்தப் பள்ளி அப்படி அடங்கி நிற்பதில்லை. கிட்டப் போய் நின்று தூண்களைப் பாருங்கள். ஒரு தூணில் பட்டை குறுக்கே ஓடுகிறது. இன்னொன்றில் அதே பட்டை முறுக்கிக்கொண்டு மேலேறுகிறது, கயிறு திரித்த மாதிரி. கொஞ்சம் மேலே சதுரங்கக் கட்டம். அதற்கு மேல் பல்லுப்பல்லாக வளைவு. சாயம் புதுசாக அடித்த வருடத்தில் வெயில் பட்டால் கண் கூசும். மழைக்காலம் முடிந்தால் வெள்ளைப் பட்டையில் கரும்பச்சைக் கசிவு இறங்கியிருக்கும், பக்கத்துக் கூரைகளின் ஓரத்தில் புறாக்கள் ஒண்டியிருக்கும். எனக்கு அந்த இரண்டாவது கோலம்தான் பிடிக்கும். மிட்டாய்க் கடை மாதிரி இருக்கிறது என்று எழுதுகிற பயணக் கட்டுரைக்காரர்கள் ஒரு தடவை நவம்பர் மழையில் வந்து பார்க்கட்டும்.

குப்பாக்கள் மாதுளம்பழமா, வெங்காயமா?

மாதுளை. மேல்நுனியில் இதழ் விரிந்தாற்போல் இருக்கிறதே, மாதுளம்பழத்தின் அந்தச் சின்னக் கிரீடம்தான் அது. மாதுளை குர்ஆனில் மூன்று இடங்களில் வருகிறது. அதில் ஒன்று, அர்ரஹ்மான் சூராவில் சொர்க்கத் தோட்டத்தின் பழமாக. ஸாயிபு லெப்பை அதை மனதில் வைத்துத்தான் செய்தார் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஓதப் போகிற பிள்ளைகளிடம் கேட்டால் ஒரு நொடியில் ‘ருமான்’ என்று சொல்லிவிடும்.

அந்த மணிக்கூடு?

பள்ளியோடு சேர்ந்தே மணிக்கூட்டுக் கோபுரம் ஒன்று உண்டு. தொழுகை நேரம் சூரியனை வைத்துக் கணிப்பது, அதற்கு மணிக்கூடு கட்டாயமில்லை. ஆனால் 1909இல் இது துறைமுகமும் ரயிலும் நேரம் பார்த்து ஓடத் தொடங்கிய நகரம். கப்பல் எத்தனை மணிக்கு, வங்கி எத்தனை மணிக்கு என்று கேட்கிற வியாபாரிகள் தங்கள் பள்ளியிலும் ஒன்று வைத்துக்கொண்டார்கள். இதைப் பிரதான வீதித் தொடக்கத்தில் நிற்கும் கான் மணிக்கூட்டுக் கோபுரத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது பார்சிக் குடும்பம் ஒன்று 1923இல் கட்டியது.

கடலிலிருந்து வருகிற மாலுமிகள் இதைப் பார்த்துத்தான் கொழும்பைக் கண்டுபிடிப்பார்களாமே?

அப்படித்தான் சொல்வார்கள், நம்பக்கூடிய கதைதான். 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய அலைதடுப்புச் சுவர் 1885இல் முடிந்தது. அதன்பின் காலிக்குப் போன கப்பல்களெல்லாம் கொழும்புக்கு வந்தன. 1909இல் துறைமுகத்தைச் சுற்றி உயரமான கட்டடம் அதிகம் இல்லை. ஓட்டுக்கூரைகளுக்கு மேலே சிவப்பாக ஒன்று தெரிந்தால் கண் அங்கேதான் போகும்.

இன்று? பத்தடி தள்ளி நின்றாலே பாதி மறைந்துவிடும். பெயர்ப்பலகை, மின்கம்பி, ஏசிப் பெட்டி. 2019இல் திறந்த, 350 மீற்றருக்கு மேல் உயர்ந்த தாமரைக் கோபுரத்தைத்தான் இப்போது தூரத்திலிருந்து எல்லோரும் பார்க்கிறார்கள்.

கொழும்பின் மிகப் பழைய பள்ளி இதுதானா?

இல்லை. அழகைப் பார்த்துப் பழமை என்று நினைத்துவிடுகிறார்கள். புதிய சோனகத் தெருவிலுள்ள பெரிய பள்ளி இதைவிட எவ்வளவோ பழையது. கொம்பனித்தெரு வேகந்தைப் பள்ளி 1786இல் பந்தான் பாலி என்ற மலாயர் தொடங்கியது. நகர மண்டபத்துக்குப் பக்கத்தில் தெவட்டகஹ பள்ளியும் தர்காவும் உண்டு, அதன் கதை 1820இல் தொடங்குகிறது. சம்மாங்கோட்டுப் பள்ளி இவற்றுக்கெல்லாம் இளையது.

1915 கலவரத்தோடு இதற்குத் தொடர்பு உண்டா?

நேரடியாக நான் எதுவும் சொல்ல மாட்டேன். பின்னணியைச் சொல்கிறேன். அந்தச் சிங்கள முஸ்லிம் கலவரம் 1915 மே மாதக் கடைசியில் கண்டியில், காசல் ஹில் வீதியிலிருந்த கரையோர முஸ்லிம்களின் பள்ளி ஒன்றுக்கு முன்னால் வெசாக் ஊர்வலம் ஒன்றில் தொடங்கியது. கொழும்புவரை பரவி முஸ்லிம் கடைகள் சூறையாடப்பட்டன. குறி வைக்கப்பட்டவர்களில் முன்னால் நின்றவர்கள் இந்தப் பள்ளியைக் கட்டிய அதே சமூகம்தான், சம்மான்காரர். யுத்த காலம், விலையேற்றம், கடன், பொறாமை எல்லாம் ஒன்றாக வெடித்தது. பள்ளிக்கு அப்போது ஆறு வயது.

எத்தனை பேர் தொழலாம்?

முதலில் கட்டியபோது 1,500 பேருக்கு. அன்றைக்கு வந்ததோ 500 பேர் அளவில். ஆயிரம் பேர் இடத்தைச் சும்மா விட்டுக் கட்டியிருக்கிறார்கள், எந்த வியாபாரியும் இப்படிச் சரக்கறை கட்ட மாட்டான். பிற்பாடு அந்த இடமும் பற்றாமல் போனது. 1975இல் ஹாஜி உமர் அறக்கட்டளையின் உதவியோடு பக்கத்துக் காணிகளை வாங்கி, 10,000 பேர் தொழும்படி விஸ்தரிக்கத் தொடங்கினார்கள்.

அதனால் பள்ளி இப்போது இரண்டு துண்டு. தெருமுனையில் 1909, அதற்குப் பின்னாலும் பக்கத்திலும் புதிய கட்டடம். புதியதிலும் அதே பட்டையை ஓட்டிப் பொருத்தப் பார்த்திருக்கிறார்கள். பொருந்தியிருக்கிறதா என்றால், என் கண்ணுக்கு அரைகுறைதான். பழையதில் பட்டை கட்டடத்தின் எலும்போடு போகிறது, புதியதில் மேலே போர்த்தினாற்போல் இருக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு இடமில்லாமல் வெயிலில் நின்று பார்த்தவன் விஸ்தரிப்பைக் குறை சொல்லமாட்டான். ஜும்ஆவுக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டால் கைவண்டில்கூட நகராது. நாட்டாமிகள் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, தலையில் கட்டிய துவாயை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர்களில் பாதிப் பேர் தொழுகைக்கு முன் கைகால் கழுவுகிற வுழுச் செய்ய உள்ளே போய்விடுவார்கள்.

கட்டியவர்களின் வாரிசுகள் இன்னும் இருக்கிறார்களா?

சிலர். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இந்தியக் கடவுச்சீட்டா, இலங்கை விண்ணப்பமா என்று தீர்மானிக்க வேண்டிய நிலை. பலர் கடையை விற்றுவிட்டு ஊருக்குப் போனார்கள். இருந்தவர்கள் இங்கத்தைய சோனகரோடு கொண்டு கொடுத்துக் கலந்துவிட்டார்கள். எங்கள் உம்மாவின் வாப்பா ரசம் கேட்பார், எங்கள் வீட்டில் வேறு யாரும் ரசம் கேட்பதில்லை. கரையிலிருந்து எங்களுக்கு மிஞ்சியது அவ்வளவுதான், அப்புறம் இந்தப் பள்ளி.

முஸ்லிம் அல்லாதவர்கள் உள்ளே போகலாமா?

தொழுகை நேரம் தவிர்த்துப் போகலாம். வெள்ளிக்கிழமை நண்பகலை விட்டுவிடுங்கள். முழங்கால், தோள் மூடிய உடை, பெண்களுக்குத் தலையில் ஒரு துணி. செருப்பை வாசலில் கழற்றுங்கள். பெண்கள் எதுவரை போகலாம், எங்கே படம் எடுக்கலாம் என்பதை வாசலில் இருக்கும் பெரியவரிடம் கேட்டுக்கொண்டு போவது நல்லது. தொழுது கொண்டிருப்பவருக்கு முன்னால் குறுக்கே நடக்காதீர்கள், மற்றதெல்லாம் மன்னிக்கப்படும். சிரித்த முகத்தோடு போனால் விளக்கம் சொல்ல ஆளும் கிடைக்கும், சில வேளை தேவைக்கு அதிகமாகவே.

படத்துக்குள் முழுசாக விழமாட்டேன் என்கிறதே?

தெரு அவ்வளவு ஒடுக்கம். எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டி நின்றாலும் ஒரு குப்பா வெட்டுப்படும். ஞாயிறு அல்லது பௌர்ணமி விடுமுறையான போயா தினக் காலை ஏழு மணிக்கு வாருங்கள். கடைகள் பூட்டியிருக்கும், லொறி இராது, தெரு நடுவில் நிற்கலாம். முழுசாக எடுப்பதை விட்டுவிட்டு ஒரு வளைவை, ஒரு தூணை எடுங்கள் என்பது என் யோசனை.

எப்படிப் போவது, பக்கத்தில் வேறென்ன?

கோட்டை ரயில் நிலையத்திலிருந்து நடைதான். ஒல்கொட் மாவத்தையைக் கடந்து குறுக்குத் தெருக்களுக்குள் நுழைந்து, இரண்டாம் குறுக்குத் தெருவைப் பிடித்துத் துறைமுகப் பக்கமாகப் போய்க்கொண்டே இருங்கள். மூட்டையோடு வருகிறவருக்கு வழிவிடுங்கள், அவர் நிற்கமாட்டார். பார்த்து முடித்துப் பிரதான வீதி வழியே கிழக்கே போனால் செட்டியார் தெரு, தங்க நகைக் கடைகள், இரண்டு கதிரேசன் கோயில்கள். அங்கிருந்து மேட்டில் ஏறினால் 1757இல் ஒல்லாந்தர் கட்டி முடித்த வுல்பெண்டால் தேவாலயம். அரை நாள் போதும். தாகம் எடுத்தால் கடைப்பிள்ளைகள் தேநீர் வாங்குகிற இடம் எது என்று யாரையாவது கேளுங்கள், பள்ளிக்கு மறுபக்கச் சந்தில் இருக்கிறது, பலகை கிடையாது.